வழக்கத்தை விட எவ்வளவு சோர்வு?

சோர்வு பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமே ஆகியிருக்கும். "இந்த வினாத்தாளின் நம்பகத்தன்மை ஏற்கனவே நிறுவப்பட்டுள்ளது, ஆல்பா 0.89." அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார்கள். பிரஷர் குக்கர் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கான்னு பார்த்துவிட்டுப் பணத்தை நீட்டுவது போல.

குக்கருக்கு அது சரி. எந்த வீட்டு அடுப்பில் ஏற்றினாலும் அது அதே குக்கர்தான். வினாத்தாள் அப்படியல்ல. யாரிடம் அதை நீட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அந்த 0.89 என்ற எண் ஏறும், இறங்கும். ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் வாங்கிய எண்ணைக் கொண்டுவந்து, தெருவில் போகிற சாதாரண மக்களிடம் எடுத்த சர்வேக்கு முத்திரையாகக் குத்த முடியாது. ஏன் முடியாது என்பதைத்தான் இந்தக் குறிப்பில் பார்க்கப் போகிறோம். கொஞ்சம் கணக்கு வரும், ஆனால் பள்ளிக்கூடக் கணக்குதான்.

முதலில், சோர்வை அளக்க வினாத்தாள் எதற்கு? காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. சோர்வுக்கு அப்படி ஒன்று இல்லை. டாக்டர் எழுதிக்கொடுக்கிற தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை எல்லாம் சோர்வுக்கான காரணத்தைத் தேடும் சோதனைகள். சோர்வு எவ்வளவு என்று அவை சொல்லாது. ஆக, அந்த ஆளையே கேட்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

அப்படிக் கேட்ட பெரிய ஆய்வுகளில் ஒன்று 1994-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. பவ்லிகோவ்ஸ்கா, சால்டர், வெஸ்லி முதலானோர் செய்தது. தென் இங்கிலாந்தில் பொது மருத்துவர்களின் பட்டியலில் இருந்த, 18 முதல் 45 வயது வரையிலான 31,651 பேருக்கு வினாத்தாள் அனுப்பினார்கள். 15,283 பேர் பதில் அனுப்பினார்கள், அதாவது பாதிக்கும் சற்றுக் குறைவு. அவர்களில் 18.3 சதவீதம் பேர், ஆறு மாதமோ அதற்கு மேலோ கணிசமான சோர்வு இருப்பதாகச் சொன்னார்கள்.

அந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் பட்டது இந்தச் சதவீதம் அல்ல. சோர்வு ஒரு தொடர்ச்சியாகப் பரவிக் கிடக்கிறது என்ற முடிவுதான் முக்கியம். 'சோர்வுள்ளவர்', 'சோர்வில்லாதவர்' என்று இரண்டு கும்பல் தனித்தனியாக நிற்கவில்லை. உயரம் மாதிரி, ரத்த அழுத்தம் மாதிரி, ஒரே சரிவு. அப்படியென்றால் எங்கே கோடு போட்டு 'இதற்கு மேல் நோய்' என்பது? கோட்டை இயற்கை போட்டுத் தரவில்லை, ஆய்வாளர்தான் போட வேண்டும். கோடு போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஏராளமான ஆட்கள் நிற்கிறார்கள். அளவுகோல் ஒரு புள்ளி ஆடினால்கூட நூற்றுக்கணக்கான பேர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடுவார்கள். பொதுமக்களிடம் நம்பகத்தன்மையைத் தனியாகச் சோதிக்க வேண்டியதன் அவசியம் இங்கேதான் வருகிறது.

உதாரணத்துக்கு ஒரே ஒரு ஸ்கேலை எடுத்துக்கொள்வோம். சால்டர் சோர்வு அளவுகோல். டிரூடி சால்டரும் லண்டனில் அவருடைய சக ஆய்வாளர்களும் 1993-இல் வெளியிட்டது. முதலில் 14 கேள்விகளாக இருந்ததைப் பிறகு 11 ஆக்கினார்கள். ஏழு கேள்வி உடல் சோர்வு பற்றி: களைப்பு தொந்தரவு தருகிறதா, அதிக ஓய்வு தேவைப்படுகிறதா, தூக்கக் கலக்கமாக இருக்கிறதா, தசைகளில் வலு குறைந்திருக்கிறதா என்பது போல. நாலு கேள்வி மூளைச் சோர்வு பற்றி: கவனம் நிற்கிறதா, சரியான வார்த்தை வாயில் வருகிறதா, ஞாபகம் எப்படி இருக்கிறது. கடந்த ஒரு மாதத்தை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். நாலு கட்டங்கள்: வழக்கத்தை விடக் குறைவு, வழக்கத்தை விட அதிகமில்லை, வழக்கத்தை விட அதிகம், வழக்கத்தை விட மிக அதிகம்.

மதிப்பெண் போட இரண்டு வழி உண்டு. 0, 1, 2, 3 என்று போட்டால் மொத்தம் 33. அல்லது முதல் இரண்டு கட்டத்துக்கு 0, கடைசி இரண்டுக்கு 1 என்று போட்டால் மொத்தம் 11. இரண்டாவது முறையில் 4 அல்லது அதற்கு மேல் வாங்கியவர் 'சோர்வுள்ளவர்'. இந்த இரட்டைக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி நம்பகத்தன்மை. காய்கறிக் கடைத் தராசில் ஒரே பூசணிக்காயை மூன்று தடவை வைத்தால் மூன்று தடவையும் ஏறக்குறைய ஒரே எடை காட்ட வேண்டும். இதுதான் நம்பகத்தன்மை. காட்டும் எடை சரியானதா என்பது வேறு கேள்வி. தராசு ஒவ்வொரு தடவையும் நூறு கிராம் கூட்டிக் காட்டினாலும் அது 'நம்பகமான' தராசுதான், கடைக்காரர்தான் நம்பகமில்லாதவர்.

மனுஷனைப் பூசணிக்காய் மாதிரி திரும்பத் திரும்ப வைக்க முடியாது. அதனால் ஆய்வாளர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். ஒரே தடவை கேட்டுவிட்டு, தாளில் உள்ள கேள்விகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்ப்பது. 1951-இல் குரோன்பாக் எழுதிய கட்டுரையால் பிரபலமான ஆல்பா என்ற எண் அதைத்தான் சொல்கிறது. 0.7-க்கு மேல் இருந்தால் பரவாயில்லை, 0.8-க்கு மேல் நல்லது என்று வழக்கத்தில் ஒரு கணக்கு உண்டு.

ஆல்பாவை ஏற்றுவது எவ்வளவு சுலபம் என்று பாருங்கள். கேள்விகளுக்கிடையே சராசரி ஒட்டுறவு வெறும் 0.3 என்று வைத்துக்கொள்வோம். கேள்விகளின் எண்ணிக்கையை 0.3-ஆல் பெருக்கி மேலே போடுங்கள். எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, 0.3-ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டிக் கீழே போடுங்கள். மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்தால் ஆல்பா. 4 கேள்வி இருந்தால் 0.63. 11 கேள்வி இருந்தால் 0.83. 20 கேள்வி இருந்தால் 0.90. கேள்விகளின் தரம் கொஞ்சமும் மாறவில்லை, எண்ணிக்கைதான் கூடியது. இன்னும் சுலபமான வழியும் இருக்கிறது. களைப்பா இருக்கா, சோர்வா இருக்கா, அசதியா இருக்கான்னு ஒரே கேள்வியை மூன்று சட்டை மாட்டிக் கேட்டால், ஆல்பா தானாக மேலே போகும். அதனால் 0.95 என்று யாராவது பெருமையாகப் போட்டிருந்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

இது கேள்விகள் பக்கத்துப் பிரச்சினை. ஆட்கள் பக்கத்துப் பிரச்சினை இதைவிடப் பெரியது. சால்டர் ஸ்கேலில் ஒரு ஆளின் மதிப்பெண்ணில் சராசரியாக 2 புள்ளி பிழை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது நான் கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண், எந்த ஆய்வின் முடிவும் அல்ல. நம்பகத்தன்மை என்பது, ஆட்களுக்கு இடையே தெரியும் மொத்த வேறுபாட்டில் பிழை போக மிச்சம் எத்தனை பங்கு என்ற விகிதம். பிழையின் வர்க்கம் 4. அதை மொத்தச் சிதறலின் வர்க்கத்தால் வகுத்து ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும்.

நோயாளிகளும் ஆரோக்கியமானவர்களும் கலந்த ஒரு கூட்டத்தில் மதிப்பெண்கள் பரந்து கிடக்கும். திட்ட விலக்கம் 6 என்று வைத்தால் நம்பகத்தன்மை 0.89. அதே தாளை ஊர் மக்களிடம் கொடுக்கிறோம், திட்ட விலக்கம் 4, நம்பகத்தன்மை 0.75. ஒரே ஆபீஸில் வேலை பார்க்கும், ஒரே வயது வரம்பில் உள்ள, ஆரோக்கியமான ஆட்களிடம் கொடுக்கிறோம். எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, திட்ட விலக்கம் 3. நம்பகத்தன்மை 0.56.

தாள் மாறவில்லை. பிழையும் மாறவில்லை, மூன்று இடத்திலும் அதே 2 புள்ளி. ஆனால் எண் 0.89-லிருந்து 0.56-க்கு இறங்கிவிட்டது. ஆட்களுக்குள் வேறுபாடு குறைவாக இருக்கும்போது அதே பிழை அதில் பெரிய பங்கை எடுத்துக்கொள்கிறது. யானைகளை லாரி எடைமேடையில் எடை போட்டு வரிசைப்படுத்தலாம். அதே மேடையில் எலுமிச்சம்பழங்களை வரிசைப்படுத்த முடியாது.

'ஏற்கனவே நிறுவப்பட்ட நம்பகத்தன்மை' என்ற வாக்கியத்தின் மேல் எனக்குள்ள கோபம் இதுதான். நிறுவியது யானைகளை வைத்து.

சரி, பொதுமக்களிடம் கேட்டால் உண்மையில் என்ன கிடைக்கிறது? லோகே, எகெபெர்க், காசா என்ற மூவர் நார்வேயில் நாடு முழுவதிலிருந்தும் குலுக்கல் முறையில் எடுத்த, 19 முதல் 80 வயது வரையிலான 3,500 பேருக்கு இந்த சால்டர் தாளைத் தபாலில் அனுப்பினார்கள். 1998-இல் வெளியான ஆய்வு. மூன்றில் இரண்டு பங்குப் பேர் பதில் அனுப்பினார்கள், இது நல்ல விகிதம். 33-க்குப் பெண்களின் சராசரி 12.6, ஆண்களின் சராசரி 11.9. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட கணிசமான சோர்வு 11.4 சதவீதம் பேருக்கு. (இங்கிலாந்தின் 18.3-ஐயும் இதையும் பக்கத்தில் வைத்து 'ஆங்கிலேயர்கள் அதிகம் சோர்ந்தவர்கள்' என்று சொல்லிவிடாதீர்கள். வயது வரம்பே வேறு, ஆட்களை எடுத்த விதமும் வேறு.)

இப்போது அந்த 12-ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 11 கேள்விக்கும் ஒருவர் 'வழக்கத்தை விட அதிகமில்லை' என்ற இரண்டாவது கட்டத்தையே டிக் அடித்துக்கொண்டு போனால் அவருக்கு எவ்வளவு வரும்? 11. நார்வேயின் சராசரி அதிலிருந்து ஒரு புள்ளி தூரம்தான். அப்படியானால், பெருவாரியான ஜனங்கள் "எப்பவும் போலத்தாங்க இருக்கேன்" என்று ஒரே நேர்கோட்டில் கீழே இறங்கியிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். கூட்டம் மொத்தமும் 11-ஐச் சுற்றிக் குவிந்திருக்க, சிலர் மட்டும் வலது பக்கம் வால் மாதிரி நீள்கிறார்கள்.

இப்படிப்பட்ட குவியலில் ஆல்பா என்ன ஆகும்? விசித்திரமாக, நன்றாகவே இருக்கும். ஒரு கூட்டம் எல்லாவற்றுக்கும் இரண்டாவது கட்டம், இன்னொரு சின்னக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மூன்றாவது கட்டம் என்று நேர்கோடு போட்டால் கேள்விகள் அபாரமாக ஒத்துப்போகும், ஆல்பா விண்ணுக்குப் போகும். அதில் எத்தனை பேர் நிஜமாகவே யோசித்து டிக் அடித்தார்கள், எத்தனை பேர் சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்பினார்கள் என்று அந்த எண்ணுக்குத் தெரியாது.

இதைத் தடுக்கத்தான் சில தாள்களில் கேள்வியைத் திருப்பிப் போடுகிறார்கள். நெதர்லாந்தில் மிஹில்சன், டி வ்ரீஸ், வான் ஹெக் ஆகியோர் 2003-இல் வெளியிட்ட பத்துக் கேள்வித் தாளில் நாலாவதும் பத்தாவதும் அப்படி. மற்றவை 'சோர்வு இருக்கிறது' என்ற திசையில் போக, இவை இரண்டும் 'தினசரி வாழ்க்கைக்குப் போதுமான சக்தி இருக்கிறது', 'கவனம் நன்றாக நிற்கிறது' என்ற திசையில். கண்ணை மூடிக்கொண்டு ஒரே கட்டத்தில் டிக் அடிப்பவர் இங்கே மாட்டிக்கொள்வார். நல்ல யோசனைதான். ஆனால் திருப்பிப் போட்ட கேள்வியைக் கவனிக்காமல் தவறாகப் படிப்பவர்களும் உண்டு. அதனால் ஆல்பா கொஞ்சம் அடிவாங்கும். அந்தத் தாளைப் பார்த்து 'நம்பகத்தன்மை குறைவு' என்று ஒதுக்கிவிடுவது அநியாயம்.

நோயாளிகளிடம் செய்த ஸ்கேலை மக்களிடம் கொண்டுவரும்போது என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு நல்ல உதாரணம் க்ரப் குழுவினர் 1989-இல் வெளியிட்ட சோர்வுத் தீவிர அளவுகோல். மல்டிபிள் ஸ்கிளரோசிஸ், லூபஸ் நோயாளிகளுக்காகச் செய்தது. ஒன்பது வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை. சராசரி 4-ஐத் தொட்டால் சோர்வு என்று ஒரு கட்-ஆஃப் நிலைத்துவிட்டது. அந்த முதல் ஆய்வில் ஒப்பிடுவதற்கு வைத்திருந்த ஆரோக்கியமானவர்கள் 20 பேர். அவர்களின் சராசரி 2.3. அப்படியென்றால் 4 என்பது தாராளமான கோடுதானே?

லெர்டல் குழுவினர் அதை நார்வே மொழிக்குக் கொண்டுபோய், சுமார் 1,900 பொதுமக்களிடம் கேட்டு 2005-இல் வெளியிட்டார்கள். மக்களின் சராசரியே கிட்டத்தட்ட 4. பழைய கட்-ஆஃபைப் போட்டால் நாட்டில் ஏறக்குறைய பாதிப் பேர் சோர்வு நோயாளிகள்! கோட்டை 5-க்கு நகர்த்தினால் கால் பங்குக்கும் கீழே வந்துவிடுகிறது. பொதுமக்களில் நோயுள்ளவர்களும் இருப்பார்கள் என்பது உண்மைதான், ஆனால் பாதி நாடா? அந்தத் தாளின் முதல் வாக்கியத்தைப் படித்தால் ஒரு காரணம் புரியும். சோர்வாக இருக்கும்போது எனக்கு ஊக்கம் குறைகிறது என்பது அதன் சாரம். யாருக்குத்தான் குறையாது? ஒலிம்பிக் ஓட்டக்காரர்கூட 7 போடலாம். நோயாளியைக் கேட்டால் அந்த வாக்கியம் அவருடைய நிலையைச் சொல்லும். ஆரோக்கியமானவரைக் கேட்டால் ஒரு பொது உண்மையை ஆமோதிப்பதோடு சரி.

மறுசோதனைக்கு வருவோம். அதே ஆட்களை இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்பது. ஆல்பாவைவிட இதுதான் தராசு உதாரணத்துக்கு நெருக்கமானது. ஆனால் செலவு பிடிக்கும், பாதிப் பேர் இரண்டாம் தடவை கிடைக்க மாட்டார்கள் என்பதால் பலர் இதைச் செய்வதில்லை. செய்பவர்களுக்கும் இடைவெளி ஒரு தலைவலி. மூன்று நாளில் கேட்டால் முன்பு போட்ட டிக் ஞாபகம் இருக்கும். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் நிஜமாகவே சோர்வு மாறியிருக்கும். முதல் தடவை பரீட்சை சமயம், இரண்டாம் தடவை கோடை லீவு என்றால் எண் மாறியதற்குத் தாளைக் குறை சொல்ல முடியுமா? இரண்டு தடவைக்கும் இடையே உடம்பில், வேலையில், வீட்டில் ஏதாவது மாறியதா என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டு, மாறாதவர்களை மட்டும் வைத்துக் கணக்கிடுவது ஓரளவு கைகொடுக்கும்.

சாதாரண ஒட்டுறவுக் கெழுவைப் போட்டுத் தப்பித்துக்கொள்வதும் நடக்கிறது. இரண்டாம் தடவை எல்லாருக்கும் மூன்று புள்ளி கூடியிருந்தாலும் அந்தக் கெழு 1 என்றே காட்டும், ஏனென்றால் வரிசை மாறவில்லை. மட்டமும் பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் உள்வகுப்பு ஒட்டுறவைப் போட வேண்டும்.

இதில் தமிழுக்கு வரும் சிக்கல் தனி. நம்மிடம் சோர்வுக்குச் சொல் பஞ்சமில்லை, அதுதான் பிரச்சினையே. வேலை செய்தால் வருவது களைப்பு. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் அசதி. அலுப்பு என்றால் உடம்பு பாதி, சலிப்பு பாதி. வயதானால் தளர்ச்சி. சோர்வு என்றால் மனசும் கூட வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'தெம்பே இல்ல' என்று ஒரு அம்மா சொல்வதை இதில் எந்தக் கட்டத்தில் போடுவது? ஒருவர் மொழிபெயர்க்க, இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டும் பொருந்துகிறதா என்று பார்ப்பது வழக்கமான முறை. படித்த இரண்டு பேர் கையில் அது கச்சிதமாகப் பொருந்திவிடும். அதனாலேயே அது போதாது. பத்துப் பதினைந்து பேரிடம் தாளைக் கொடுத்து, "இந்தக் கேள்வி உங்களுக்கு என்ன கேக்குதுன்னு தோணுச்சு, ஏன் இந்தக் கட்டத்துல டிக் போட்டீங்க" என்று வாய்விட்டுச் சொல்ல வைக்க வேண்டும்.

'வழக்கத்தை விட' என்ற சொற்றொடர் அங்கேதான் சிக்கும். காலை நாலரைக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, வேலைக்குப் போய், திரும்பி வந்து மறுபடி சமைக்கும் ஒரு பெண்ணிடம் 'வழக்கத்தை விடச் சோர்வா?' என்று கேட்டால் என்ன சொல்வார்? "எப்பவும் போலத்தான்." ஸ்கோர் 11. இரண்டு வாரம் கழித்துக் கேட்டாலும் 11. மறுசோதனை நம்பகத்தன்மை அற்புதம். பதினைந்து வருஷமாகச் சோர்ந்து கிடப்பவர் சோர்வில்லாதவர் பட்டியலில் போய்விட்டார். நீண்ட நாளாகச் சோர்வாக இருப்பவர்கள், கடைசியாக நன்றாக இருந்த காலத்தோடு ஒப்பிட்டுப் பதில் சொல்ல வேண்டும் என்று சால்டர் தாளின் குறிப்பிலேயே இருக்கிறது. அந்தக் குறிப்பைப் படிப்பவர் எத்தனை பேர்? சர்வே எடுப்பவர் வாசித்துக் காட்டினாலும், கடைசியாக நன்றாக இருந்தது எப்போது என்று யோசிப்பதே சிலருக்குக் கஷ்டமான கேள்வி.

இந்தியப் பெண்களின் சோர்வு என்றதும் 'ரத்தசோகை' என்று உடனே சொல்லிவிடுகிறோம். விக்ரம் படேல் குழுவினர் கோவாவில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 3,000 பெண்களை அணுகி, 2,494 பேரிடம் நடத்திய ஆய்வு 2005-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 12.1 சதவீதம் பேர் ஆறு மாதமாவது நீடித்த சோர்வைச் சொன்னார்கள். ஹீமோகுளோபின் அளவோடு அதற்குத் தொடர்பு தெரியவில்லை. மனநலம், வறுமை, வீட்டுக்குள் பெண்ணின் நிலை ஆகியவற்றோடு தெரிந்தது. இப்படி ஒரு முடிவை நம்பிக் கொள்கை வகுக்க வேண்டுமானால், கேட்ட கேள்வியைக் கேட்கப்பட்டவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதுதான் முதல் படி. கேள்வி தள்ளாடினால் உண்மையான தொடர்புகளும் மங்கிப்போகும். பிழை அதிகமுள்ள அளவீட்டில் 'தொடர்பில்லை' என்ற முடிவு சுலபமாக வந்துவிடும்.

இதெல்லாம் புள்ளியியல்காரர்களின் சின்னச் சண்டை என்று நினைக்கிறவர்களுக்கு பேஸ் ஆய்வின் கதை. நாள்பட்ட சோர்வு நோய்க்கான சிகிச்சைகளை ஒப்பிட்டு பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு, 2011-இல் லான்செட்டில் வந்தது. ஆய்வில் சேர, சால்டர் தாளில் இரட்டைக் கணக்குப்படி 11-க்கு 6 அல்லது அதற்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். சிகிச்சைக்குப் பிறகு, மற்ற கணக்குப்படி 33-க்கு 18 அல்லது அதற்குக் கீழ் வந்தால் 'இயல்பான வரம்பு'. இந்த 18 எங்கிருந்து வந்தது? பொதுச் சமூகத்தில் எடுத்த ஒரு மாதிரியின் சராசரி 14.2, திட்ட விலக்கம் 4.6. இரண்டையும் கூட்டினால் 18.8. ஆக 18 வரை இயல்பு.

ஒரு நோயாளி ஆறு கேள்விக்கு 'வழக்கத்தை விட அதிகம்', மீதி ஐந்துக்கு 'அதிகமில்லை' என்று டிக் அடிக்கிறார். இரட்டைக் கணக்கில் 6, ஆய்வில் சேரும் அளவுக்கு நோய். மற்ற கணக்கில் ஆறு இரண்டு பன்னிரண்டு, ஐந்து ஒன்று ஐந்து, ஆக 17. இயல்பான வரம்பு! ஒரே தாள், ஒரே டிக். சிகிச்சை ஆரம்பிக்கும் முன்பே ஒருவர் சோர்வுக் கணக்கில் இயல்பாக இருந்திருக்க முடியும். நோயாளிகள் இதைக் கண்டுபிடித்து வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் கருத்து. சராசரியோடு ஒரு திட்ட விலக்கத்தைக் கூட்டிக் கோடு போடுவது மணி வடிவத்தில் பரவிய எண்களுக்குப் பொருந்தும். 11-இல் குவிந்து வலது பக்கம் வால் நீண்ட கூட்டத்துக்கு அது பொருந்தாது. நார்வேயின் 12-ஐ வைத்துத் தொடங்கியிருந்தால் கோடு வேறு இடத்தில் விழுந்திருக்கும்.

இதோடு நான் மேலே போட்ட கணக்கையும் சேருங்கள். பிழை 2 புள்ளி என்றால் 16 வாங்கியவரின் உண்மை நிலை 12-க்கும் 20-க்கும் இடையில் எங்கேயோ இருக்கலாம். அவரைக் கோட்டின் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. அவருடைய ஸ்கோர் அடுத்த தடவை 4 குறைந்தால் குணமாகிறது என்றும் சொல்ல முடியாது. இரண்டு அளவீட்டிலும் பிழை இருப்பதால் ஐந்தரைப் புள்ளியாவது நகர்ந்தால்தான் நிச்சயம். ஆனால் 400 பேரின் சராசரி என்றால் அந்தப் பிழை 0.1 ஆகச் சுருங்கிவிடும். நார்வேயில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் இருந்த 0.7 வித்தியாசத்தை நாட்டு அளவில் பொருட்படுத்தலாம், பக்கத்து வீட்டுத் தம்பதியை ஒப்பிட அதைப் பயன்படுத்த முடியாது.

நர்சிங், உளவியல், சமூகப் பணி படிக்கும் மாணவர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கடைசியாகக் கொஞ்சம் நடைமுறை. பைலட் ஸ்டடி என்று பத்துப் பேரிடம் ஆல்பா எடுத்து, அதை ஆய்வேட்டில் எழுதிவிட்டுப் போவது பரவலாக இருக்கிறது. பத்துப் பேரில் வரும் 0.85, அடுத்த பத்துப் பேரில் 0.6 ஆகலாம். முழு மாதிரியிலும் மறுபடி கணக்கிட்டு எழுதுங்கள், அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. முடிந்தால் ஐம்பது பேரையாவது இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். ஆல்பாவோடு நிறுத்தாமல் திட்ட விலக்கத்தையும், அளவீட்டுப் பிழை எத்தனை புள்ளி என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். படிக்கிறவர் தன் ஊர் ஆட்களுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று தானே கணக்குப் போட்டுக்கொள்வார். எத்தனை பேர் எல்லாக் கேள்விக்கும் ஒரே கட்டத்தில் டிக் அடித்தார்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். எக்செல்லில் ஒவ்வொரு ஆளின் பதில்களிலும் பெரியதும் சிறியதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தாலே அந்த எண்ணிக்கை வந்துவிடும்.